மாமனாருக்கு மேல் கேட்பது

எட்டாவதோடு நின்றவன் நான். பெங்களூரில் ஒரு கிளப்பில் தட்டுக் கழுவியபோது பிரிட்ஜ் சீட்டு ஆடக் கற்றுக்கொண்டேன். தருமபுரியில் மாங்கூழ் ஆலை முதலாளி ஒருவர் என்னை டிரைவராக வைத்துக்கொண்டதே அதற்காகத்தான். ஞாயிறு மதியம் அவர் வீட்டில் ஆட்டம். அவரும் ஆடிட்டரும் ஒரு ஜோடி. எனக்கு ஜோடி, மொரப்பூரிலிருந்து பஸ்ஸில் வரும் அவருடைய மருமகன்.

அவர் சீட்டாட வருகிறவரில்லை. ஆடிக்கு அம்மா வீடு வந்த மனைவியைப் பொங்கல் கழிந்தும் அனுப்பவில்லை. கூட்டிப்போக வருவார். "ஆட்டம் முடியட்டும் மாப்ள, பேசலாம்" என்று முதலாளி சீட்டைக் கலைப்பார்.

பிரிட்ஜில் முதலில் ஏலம். எத்தனை பிடி எடுப்போம் என்று மாற்றி மாற்றி ஏற்றிக் கேட்க வேண்டும். கையில் ஒன்றுமில்லாதவன் ஒரேயடியாகத் தாவிக் கேட்டு எதிராளியின் வாயை அடைக்கலாம். நல்ல கை உள்ளவன் அதற்கு மேல் துணிந்து கேட்க வேண்டும். மாமனார் சொன்னதற்கு மேல் மருமகன் சொல்ல மாட்டார். முதலாளிக்கு அது தெரியும்.

போன மாதம் ஒரு ஞாயிறு. மகள் பையைக் கட்டிவைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

"ஒரு ஸ்பேட்" என்றார் மருமகன்.

"மூணு டைமண்ட்" என்றார் முதலாளி.

நானும் ஆடிட்டரும் பாஸ். மருமகன் தன் சீட்டைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார். "பாஸுங்க மாமா."

ஆடி முடித்ததும் முதலாளி சிரித்தார். "எங்கிட்ட டைமண்ட தவிர ஒண்ணுமில்ல. உங்ககிட்ட மூணு ஏஸு. இதையே கேக்க வாய் வரல, எம்பொண்ண எப்படிங்க வச்சுக் காப்பாத்துவீங்க?"

ஆடிட்டரும் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

அடுத்த கையிலும் முதலாளி மூணு டைமண்டுக்கே தாவினார். மருமகனுக்குக் காது சிவந்துவிட்டது. "மூணு ஸ்பேட்" என்றார். ஏலத்தில் ஸ்பேட் டைமண்டுக்கு மேல்.

முதலாளி சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "மாமனார் பேச்சுக்கு மேல பேசற வூட்டுக்குப் பொண்ண அனுப்பறதுங்களா, ஆடிட்டர் சார்?"

ஆடிட்டர் டீயைக் குடித்தார். மகள் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடும்போது மருமகன் கேட்டார்: "கேட்டிருக்கணுமாண்ணா, கூடாதா?"

"சீட்டுல கேக்கணும்" என்றேன்.

திரும்பி வரும்போது முதலாளி வாசலில் நின்றிருந்தார். "அடுத்த ஞாயிறும் வருவாருல்ல?"

"வருவாருங்க."

இந்த ஊரில் பிரிட்ஜ் தெரிந்த வேறு ஆள் இல்லை. மகளை அனுப்பிவிட்டால் நாலாவது கை போய்விடும். மருமகன் இன்னும் வருகிறார். முதலாளி அவருக்குத் தன் கையாலேயே நாற்காலி இழுத்துப் போடுகிறார்.