படித்துக் காட்டப்பட்டது

ஒரு மனிதர் சொல்லாததை, அவர் சொன்னதாக நான் எழுதினேன். அதன் கீழே அவருடைய கையெழுத்தை வாங்கினேன். அவருடைய வேலை போயிற்று. காணாமல் போன கோப்பைத் தொலைத்தவன் நான்.

இவ்வளவுதான் விஷயம். நான்கே வாக்கியங்கள். இவற்றைச் சொல்ல எனக்குப் பதினேழு ஆண்டுகள் ஆயின, திருப்பதியில் ஓர் உளவியல் ஆலோசகரும் தேவைப்பட்டார்... அவரிடமும் முதலில் பொய்தான் சொன்னேன்!

நீங்கள் மன்னிப்பீர்கள் என்று இதை எழுதவில்லை. அந்த அதிகாரம் உங்களுக்கு இல்லை. எந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதில் எனக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள், ஆந்திராவின் சித்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் இருந்தேன். புதிதாக வரும் மேலதிகாரிகளுக்குக்கூட விதிகளை நான்தான் எடுத்துக் கொடுப்பேன், எண்ணோடும் உட்பிரிவோடும்.

ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டு தொண்டையில் தொந்தரவு தொடங்கியது.

ஞாயிறு ஆராதனையில் சபையார் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வோம். பெயரோ தேதியோ விவரமோ இல்லாத, எல்லோருக்கும் பொதுவான அறிக்கை. அலுவலகத்துக்கு அப்படி ஒன்று வந்திருந்தால் 'விவரம் போதாது' என்று எழுதித் திருப்பியிருப்பேன். ஆனால் அந்த இடம் வரும்போது என் குரல் நின்றுவிடும். பாட்டு வரும், ஜெபம் வரும்... அது மட்டும் வராது.

தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார்.

என் மனைவி எஸ்தர் விடவில்லை. "தொண்ட சுத்தமா இருந்தா வேற எங்கியோ அழுக்கு கீது. மனசு டாக்டராண்ட போய்க் காட்டு. நாள் பூரா தொண்டையப் புடிச்சிக்கினு குந்திக்கினு இருந்தா, பாத்துக்கினு இருக்கற எனக்குத்தான் பைத்தியம் புடிக்கும்."

சித்தூரில் எந்த மாடிப்படி ஏறினாலும் எதிரே சபையார் ஒருவர் இறங்கி வருவார். ஆகவே திருப்பதி.

அலிபிரி போகும் சாலையில், ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடி. ஆலோசகரின் பெயர் ஹரிதா. என் மகளாக இருக்கக்கூடிய வயது. தெலுங்குக்காரர், வேலூரில் படித்ததால் தமிழ் தாராளமாக வந்தது. ஒப்புதல் படிவம் ஒன்றைக் கொடுத்தார். முழுவதும் படித்து, மூன்றாம் பத்தி ஐந்தாம் பத்தியோடு முரண்படுகிறது என்று சுட்டிக்காட்டினேன்.

"இத்தன வருஷத்துல இத யாருமே படிச்சதில்ல சார்," என்று சிரித்தார்.

"படிக்காம யாராவது கையெழுத்து போடுவாங்களா மேடம்?"

கேட்டவன் நான்! கூச்சமே இல்லாமல் கேட்டேன்.

என் பிரச்சினையை வரிசை எண் போட்டு மூன்று பக்கம் தட்டச்சு செய்து எடுத்துப் போயிருந்தேன். இணைப்பு: தொண்டை மருத்துவரின் அறிக்கை, நகல் ஒன்று. அவர் அதைத் தொடவில்லை.

"பேப்பர் இருக்கட்டும் சார். வாயால சொல்லுங்க."

"எல்லாம் இதுலயே இருக்கு மேடம்."

"பேப்பருக்குத் தொண்ட அடைக்கலயே சார்."

மூன்று வாரம் எதையெதையோ பேசினேன். பேருந்தில் போய், ஐம்பது நிமிடம் பேசி, பேருந்தில் திரும்புவேன். நான்காவது வாரம் அவர் கேட்டார்: "தொண்ட அடைக்கிற நேரத்துல உங்க முன்னாடி யார் இருப்பாங்க?"

"போதகர்."

"பின்னாடி?"

எவ்வளவு எளிய கேள்வி... எனக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் மாசிலாமணி உட்கார்ந்திருப்பார். பதினேழு ஆண்டுகளாக அங்கேதான் உட்காருகிறார்.

ஆகவே மாசிலாமணியைப் பற்றிச் சொன்னேன். என் அலுவலகத்தில் பதிவறை உதவியாளராக இருந்தவர். கவனக்குறைவால் ஒரு கோப்பைத் தொலைத்துவிட்டார். விசாரித்து அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்யும் கடமை எனக்கு வந்தது. வேலை போய்விட்டது. பாவம், நல்ல மனிதர். "இரக்கந்தான் மேடம், வேற ஒண்ணுமில்ல," என்று முடித்தேன்.

ஹரிதா தம் குறிப்பேட்டைத் திருப்பினார். "நீங்க சொன்னத ஒரு தடவ படிக்கிறேன் சார். நான் தப்பா புரிஞ்சிக்கினு இருந்தா நிறுத்துங்க."

படித்தார். நிதானமாக, நான் சொன்ன அதே தமிழில். நான் கால்மேல் கால் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏதாவது மாத்தணுமா?"

"வேணாம் மேடம். சரியா இருக்கு."

மாடிப்படி இறங்கும்போதுதான் உறைத்தது. ஒரு பொய் வாக்குமூலத்தை நான் மறுபடியும் சரியென்று ஒப்புக்கொண்டிருந்தேன். ஒரே வித்தியாசம், இந்த முறை அது படித்துக் காட்டப்பட்டிருந்தது.

இனி உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன்.

அது ராமகுப்பம் பக்கத்து நிலத் தகராறு ஒன்றின் கோப்பு. விதிக்கு மாறாக நான் அதை வீட்டுக்கு எடுத்துப் போனேன். விதி தெரியாதவன் செய்த தவறல்ல. விதி எனக்கல்ல என்று நினைத்தவன் செய்தது. திங்கட்கிழமை அப்படியே அலுவலகம் போய்விடலாம் என்று, கோப்பு இருந்த பையோடு திருப்பதியில் ஒரு திருமணத்துக்குப் போனேன்; திரும்பியபோது பையைப் பேருந்திலேயே விட்டு இறங்கிவிட்டேன். மறுநாள் பணிமனையில் கேட்டேன். கிடைக்கவில்லை.

நீதிமன்றம் அந்தக் கோப்பைக் கேட்டது. அலுவலகம் தேடியது. முதற்கட்ட விசாரணையை யாரிடம் ஒப்படைத்தார்கள் தெரியுமா? நடைமுறை எல்லாம் தெரிந்தவனிடம்... என்னிடம்!

மாசிலாமணி நகரிக்காரர். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்ப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர். தெலுங்கைத் தண்ணீர்போலப் பேசுவார், படிக்க வராது. கோப்புகளை எண்ணையும் அட்டையின் நிறத்தையும் வைத்தே எடுத்துக் கொடுப்பார். இது அலுவலகத்தில் எனக்கு மட்டுமே தெரியும். தமிழன் தமிழனிடம் நம்பிச் சொன்ன இரகசியம்.

"ரேக்குலதான் வச்சேன் சார். அப்பறம் எங்க போச்சின்னு தெரியல," என்றார்.

நான் அலுவலக மொழியான தெலுங்கில் எழுதினேன்: பழைய கோப்புகளோடு அதையும் தைப்பதற்காகச் சைக்கிளில் எடுத்துச் சென்றேன், வழியில் விழுந்துவிட்டது, பயத்தில் மறைத்துவிட்டேன். இறுதியில் வழக்கமான வரி: 'எனக்குப் படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்கிறேன்.' அந்த வரியை என் வாழ்நாளில் ஆயிரம் முறையாவது எழுதியிருப்பேன். எத்தனை முறை படித்துக் காட்டினேன்?

"இன்னா சார் எழுதிக்கீறீங்க?" என்றார்.

"நீ சொன்னதுதாம்பா."

தமிழில் கையெழுத்துப் போட்டார். நகலை எடுத்துக் கொடுப்பதற்குள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இது முதல் குற்றம். இரண்டாவதுதான் பெரியது.

குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்ததும், யாரோ அவருக்கு அதைப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். என் மேசைக்கு வந்து நின்றார். கோபமில்லை. குழப்பம்தான். "சார், சைக்கிள்ல எடுத்துக்கினு போனேன்னு நானே சொன்னதா கீதாமே?"

அப்போதுகூட நிறுத்தியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னேன்: "நீ சொல்லாம நான் எழுதுவனா மாசிலாமணி? நல்லா யோசிச்சிப் பாரு. வாரா வாரம் பைண்டிங்குக்கு எடுத்துக்கினு போறவன்தானே நீ?"

நின்று யோசித்தார். என்னை நம்பியதால் தன்னைச் சந்தேகித்தார். "இருக்கும் சார்," என்றார். "இருக்கும்..."

ஐந்தாவது வாரம் இதை ஹரிதாவிடம் சொன்னேன், தாள் இல்லாமல். சொல்லி முடித்ததும் 'பரவாயில்லை' என்பார் என்று காத்திருந்தேன். 'மனிதர் எல்லோரும் தவறு செய்பவர்களே' என்றாவது ஒன்று. அவர் அதைச் சொல்லவில்லை. குறிப்பேட்டை மூடி வைத்தார்.

"இத மாசிலாமணி கேட்டிருக்காரா சார்?"

ஆலோசகர்களின் வேலையில் தீர்ப்புச் சொல்வது இல்லை என்கிறார்கள். இருக்கலாம்.

மறுவாரம், மாசிலாமணியின் பணிநீக்கத்தை மறுபடி ஆராயக் கேட்டு ஒரு மறுசீராய்வு மனு தயாரித்தேன். பாதிக்கப்பட்டவர் கையெழுத்திட வேண்டிய இடம், என் ஒப்புதலைச் சேர்க்க வேண்டிய இடம்... அப்பழுக்கில்லாத மனு. அதைத் தமிழிலும் எழுதி எடுத்துக்கொண்டு மாசிலாமணியின் வீட்டுக்குப் போனேன். வேலை போனபின் மாங்கூழ் ஆலையில் காவலாளியாக இருந்தார். இப்போது முழங்கால் வலியோடு வீட்டில் இருக்கிறார்.

"வாங்க சார், வாங்க! ஃபேனாண்ட குந்துங்க. டீயோட துன்றதுக்கு இன்னா வாங்கியாரச் சொல்லட்டும்?"

ஒன்றும் வேண்டாம் என்றேன். மனுவைத் தமிழில், உரக்க, இரண்டு முறை படித்துக் காட்டினேன். காதருகில் கையை வைத்துக் கேட்டார்.

"சார்... இது பொய் ஆச்சே."

"இல்ல மாசிலாமணி. இதுதான் நெசம். கோப்ப பஸ்ல விட்டது நான்."

"நீங்க எதுக்கு சார் விடப் போறீங்க? நான்தான் கேரியர்ல வச்சேன். கயிறு கட்டல. அவசரம். நீவா ஆத்துப் பாலத்தாண்ட மேடு ஏறசொல்ல பின்னாடி சைக்கிள் லேசாச்சி. திரும்பிப் பாக்காம மிதிச்சிட்டேன் சார். அந்த லேசு இன்னும் முதுகுல கீது."

பாலத்தை நான் எழுதவில்லை. கயிற்றை நான் எழுதவில்லை. மேட்டை, அவசரத்தை, முதுகில் உணர்ந்த அந்த லேசை... எதையுமே நான் எழுதவில்லை. என் நான்கு வரிப் பொய்யை எடுத்துப் போய், பதினேழு ஆண்டுகளாக அவர் நேர்மையாக வளர்த்திருக்கிறார்.

கெஞ்சினேன். திருமணத்தைச் சொன்னேன், பையின் நிறத்தைச் சொன்னேன். பணிமனையில் நின்றதைச் சொன்னேன். அவர் என் முழங்கையைத் தடவிக்கொடுத்தார். எனக்கு ஆறுதல் சொல்கிறாராம்!

"உங்க மனசு எனக்குத் தெரியும் சார். ஆனா கையெழுத்து மட்டும் கேக்காதீங்க. ஒரு தபா தப்பு பண்ணி, அத மறைச்சதே போதும். இந்த வயசுல பொய் எழுதிக் குடுத்துட்டு எப்படி சார் கோயிலுக்கு வர்றது?"

நானே தனியாக ஒரு மனு அனுப்பலாமே என்பீர்கள். அனுப்பலாம். சாட்சியம் இல்லை, பை இல்லை, பேருந்து இல்லை. மாசிலாமணியை அழைத்துக் கேட்பார்கள். நான்தான் தொலைத்தேன் என்பார். எழுதிக்கொண்டு, இந்த முறை முறைப்படி படித்தும் காட்டுவார்கள். ஆகவே அனுப்பவில்லை... இது காரணமா, எனக்கு வசதியான சாக்கா? விதிகளில் இவ்வளவு தேறியவனுக்கு அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் போதகர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"மாசிலாமணி எல்லாம் சொன்னாரு சார். அடுத்தவர் பாரத்தத் தன் பேர்ல எழுதிக்கறேன்னு வீடு தேடிப் போற மனசு யாருக்கு வரும்?"

எனக்குப் பின்னால் வரிசையாகச் சபையார் நின்றார்கள். இரண்டு பெண்கள் எஸ்தரிடம் ஏதோ சொல்ல, அவள் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். சற்றுத் தள்ளி மாசிலாமணி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

'இல்லை ஐயா' என்று ஆரம்பிக்க வேண்டும். நான்கே வாக்கியங்கள். எனக்கு மனப்பாடம்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டார்கள்.