செல்லையாவுக்கு விளங்காத சிங்களம்

செல்லையா இளவயதில் பெல்மதுளையில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சிங்களவர் பேசுகிறார் என்றே தோன்றும். பிறகு நிவித்திகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பி வந்தார். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மலையை வெட்டி ஓர் அறை கட்டினார். மகள் விஜயகலாவின் கல்யாணத்துக்குப் பிறகு மருமகன் அங்கேயே தங்கட்டும் என்பது அவர் எண்ணம்.

2003 மே மாத மழையில் அந்த அறைக்கு மேலே மண் வெடித்தது. செல்லையா வெடிப்பில் களிமண்ணை அடைத்து, மேலே விறகை அடுக்கினார். கோடையில் வந்த பழைய வெடிப்புதான் என்று வீட்டில் சொன்னார்.

ஒருநாள் பகலில் கிராம சேவகர் வந்தார். எல்லோரும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் இருந்தவர் செல்லையா மட்டும். மண் சரியப் போகிறது, எல்லோரும் உடனே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று கிராம சேவகர் சிங்களத்தில் சொன்னார்.

"மட்ட சிங்கள பே," என்றார் செல்லையா. எனக்குச் சிங்களம் தெரியாது.

கிராம சேவகர் மலையைக் கையால் காட்டிப் பார்த்தார். செல்லையா தலையாட்டிக்கொண்டே நின்றார். வேறு யாராவது கிடைப்பார்களா என்று கிராம சேவகர் அடுத்த லயத்துக்குப் போனார்.

காய்ச்சலோடு உள்ளே படுத்திருந்த மனைவி அழகம்மா எழுந்து வந்தாள்.

"அவரு சொன்னது ஒங்களுக்கு வெளங்கலையா?"

"வெளங்கல."

"எனக்கு வெளங்கிருச்சு," என்றாள் அவள்.

மழையில் நனைந்துகொண்டே மலைக்குப் போய் எல்லோரிடமும் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் லயமே பள்ளிக்கூடத்தில் இருந்தது. செல்லையா மட்டும் வரவில்லை. கோழிகளை யார் பார்ப்பது என்று கேட்டார். மகள் அழுதும் அசையவில்லை.

மறுநாள் காலையில் மலை இறங்கியது. புதிய அறை இருந்த இடமே தெரியவில்லை. கீழே கிராமத்திலிருந்து மண்வெட்டிகளோடு ஓடி வந்தவர்களுக்கு, கூரைத் தகரத்தின் அடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "மங் மெத்தன, மல்லி." தம்பி, நான் இங்கே இருக்கிறேன். சுத்தமான சிங்களம். தோண்டியவர்களில் கிராம சேவகரும் இருந்தார். அவர்தான் செல்லையாவின் வாயில் இருந்த சேற்றைத் துடைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் செல்லையாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். சிங்களம் தெரியாதென்று ஏன் சொன்னீர்கள் என்று விஜயகலா அங்கே வைத்து ஒரு தடவை கேட்டாள்.

"வெளங்கிருச்சுன்னா கெளம்பணும்ல," என்றார்.

இரண்டு வருஷம் கழித்து, ரோட்டோரத்துச் சமதரையில் கிடைத்த சின்ன வீட்டிலிருந்து அவள் கல்யாணமாகி எம்பிலிப்பிட்டியவுக்குப் போனாள். அதிகாரிகள் யார் வந்தாலும் அழகம்மாதான் முன்னால் போய்ப் பேசினாள். செல்லையா கட்டிலில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.