வாசலில் கட்டிய கொடியும் ஒரு கண்டெய்னர் வத்தலும்

மிளகாய் வத்தல் நெடி ஒருதடவை மூக்கில் ஏறினால் அன்றைக்குப் பூராவும் தும்மல்தான். அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டில் இருந்த எங்கள் பழைய குடோனுக்குள் புது ஆள் இரண்டு நிமிஷம் தாங்க மாட்டார். பேங்க் மேனேஜரே வாசலில் நின்று பேசிவிட்டுத்தான் போவார்...

தும்மாமல் உள்ளே நின்ற ஒரே வெளியூர்க்காரர் எக்டர். மெக்சிகோக்காரர்.

இருபது வருஷம் இருக்கும். நரிக்குடி, திருச்சுழிப் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரிகளிடம் வத்தல் வாங்கி விருதுநகருக்கு லோடு அனுப்பிக்கொண்டிருந்தேன். சாக்கில் அந்த ஊர்க் கடை முத்திரைதான் இருக்கும். குறையாகச் சொல்லவில்லை, சந்தை எங்கே இருக்கிறதோ பேரும் அங்கேதான் இருக்கும். ஆனாலும் நம் ஊர்ப் பேரில் ஒரு கண்டெய்னராவது தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி.

சென்னையில் ஒரு கண்காட்சியில் என் சாம்பிளைப் பார்த்தார் எக்டர். நேரில் வருகிறேன், சரக்கு பிடித்தால் ஒரு கண்டெய்னர் என்றார். வீட்டில் மூன்று நாள் யாருக்கும் தூக்கம் இல்லை.

இங்கிலீஷுக்கு என் அக்கா வீட்டுக்காரர். துபாயில் எட்டு வருஷம் இருந்தவர். வரவேற்பும் மச்சான் பொறுப்பு. அப்போது ஃபிளெக்ஸ் வந்த புதுசு, மதுரையில்தான் அடிப்பார்கள். பத்தடிக்கு அடித்து வந்து குடோன் வாசலில் கட்டிவிட்டார். ஒரு பக்கம் எக்டர் போட்டோ, ஒரு பக்கம் கைகூப்பியபடி நான், நடுவில் பெரிதாக ஒரு கொடி.

அமெரிக்கக் கொடி.

காரில் இருந்து சிரித்துக்கொண்டே இறங்கிய மனுஷர், ஃபிளெக்ஸைப் பார்த்ததும் நின்றுவிட்டார். முகம் இறுகிவிட்டது. டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"என்ன மச்சான் இந்தக் கொடி?"

"நீதானப்பா அமெரிக்காப் பக்கமிருந்து வாராகன்னு சொன்ன? பக்கத்து நாடுதானே, கோவிச்சுக்கவா போறாகன்னு போட்டுட்டேன்."

தப்பு என்னுடையதுதான். அப்படித்தான் சொல்லியிருந்தேன். அந்தப் பக்கத்து ஊரெல்லாம் எனக்கு ஒன்றுதான்.

யாரையும் ஏவவில்லை. மூட்டை மேல் ஏறி நானே கயிற்றை அறுத்து ஃபிளெக்ஸை இறக்கினேன். அதைப் பார்த்துக் கொஞ்சம் இளகினார். உள்ளே வந்து, வத்தல் தூசி படிந்த தரையில் ஒரு காம்பை வைத்துப் படம் வரைந்தார். மச்சான் தமிழில் சொன்னார்.

"கீழ இருக்கது இவுக நாடாம் மாப்ள. மேல அமெரிக்கா. இந்தா, இம்புட்டு எடமும் ஒரு காலத்துல இவுகளதுதானாம். சண்டை போட்டுப் பாதி நாட்ட எடுத்துக்கிட்டானாம். இப்ப அங்கிட்டுப் பொழைக்கப் போனா வேலி போட்டு மறிக்கானாம்."

எக்டர் விடவில்லை. அதுவரை நம் நாட்டு மிளகாயை அமெரிக்க ஏஜென்ட் மூலமாகத்தான் வாங்கியிருக்கிறார்.

"நாங்க திங்கிற மிளகாய் அவன் கையத் தாண்டி எதுக்கு வரணும்? அதுக்குத்தான் இம்புட்டுத் தூரம் வந்தேன், இங்கயும் அவன் கொடிதானாங்கிறாக மாப்ள."

விருதுநகருக்குக் கட்டி வைத்திருந்த மூட்டை ஒன்றை இழுத்துப் போட்டு முத்திரையைக் காட்டினேன்.

"சொல்லுங்க மச்சான். சரக்கு எங்க ஊரு, பேரு வேற ஊரு. சென்னையில போயி அருப்புக்கோட்டைன்னு சொன்னா, மதுரைப் பக்கமான்னுதான் கேக்குறாக."

"ஏலே, நாட்டையே பறிகொடுத்தவுககிட்டப் போயிச் சாக்கு முத்திரையக் காட்டுறியே!"

ஆனாலும் கையைக் காலை ஆட்டிச் சொல்லிவிட்டார். எக்டர் மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரித்தபடி என் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

பிறகுதான் சரக்கில் கை வைத்தார். ஒரு வத்தலை ஒடித்து மோந்து, கடித்து, நிதானமாக மென்றார். இது எங்கள் மண்ணில் இருந்து உங்களுக்கு வந்ததுதான் என்றார்.

மச்சானுக்கு வந்ததே கோபம். "அப்ப எங்க முப்பாட்டன் எதப் போட்டுக் கொழம்பு வச்சாராம்? கேளு மாப்ள!"

"நீங்கதான மச்சான் இங்கிலீஷு..."

கண்டெய்னர் கிடைத்தது. ஒரே நிபந்தனை... சாக்கில் இரண்டு பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும், அருப்புக்கோட்டை, மெக்சிகோ. நடுவில் எவன் பேரும் கூடாது. தகரத்தில் எழுத்து வெட்டி, ஒவ்வொரு மூட்டையாக நானே மை பூசினேன்.

ஃபிளெக்ஸைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. காசு கொடுத்து அடித்ததாயிற்றே! களத்தில் திடீர் மழை வந்தால் வத்தல் மேல் போர்த்துவோம். அடுத்த வருஷம் வந்த எக்டர், கொடி குப்புறக் கிடப்பதைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

இப்போது குடோன் பெரிதாகிவிட்டது. மெஷின் தரம் பிரிக்கிறது, எல்லோரும் மாஸ்க் போடுகிறார்கள், தும்மல் சத்தமே இல்லை. எக்டருக்கு வயதாகிவிட்டது. மகன்தான் வியாபாரம் பார்க்கிறான், ஆபீஸ் அமெரிக்காவில். அங்கிருந்து வாங்குவது சுலபமாம். போன மாதம் மெசேஜ் அனுப்பினான்: சாக்கு பிளைனாக இருக்கட்டும், ஊர்ப் பேர் எதுவும் வேண்டாம்.

அவனை என்ன சொல்ல? என் மகனும் சென்னையில் அமெரிக்கக் கம்பெனியில்தான் இருக்கிறான். ஊர் எதுவென்று கேட்டால் மதுரை என்கிறான். "அருப்புக்கோட்டைன்னா யாருக்குப்பா தெரியும்?"

மெசேஜின் கடைசியில் ஒரு வரி... லோடு இறங்கும் நாளில் மட்டும் அப்பா இன்னும் மெக்சிகோ குடோன் வாசலில் வந்து நிற்கிறாராம்.

வியாபாரம் வியாபாரம்தான். சொன்னபடி எல்லா மூட்டையும் பிளைனாகவே ஏற்றினேன். கடைசி மூட்டைக்கு மட்டும் அந்தப் பழைய தகரத்தைத் தேடி எடுத்து, தூசி தட்டி, மை பூசி, கண்டெய்னர் கதவோரம் நிறுத்திவிட்டுப் பூட்டினேன்.

கடைசியாக ஏறுவதுதானே முதலில் இறங்கும்.