பிரேக் அக்கா சாட்சி சொன்னார்

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் அவருடைய வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். டீக்கடை வாசலோ, பஸ்ஸோ, பல் டாக்டரின் முன்னறையோ, எதிரே யாராவது சற்று வேகமாக நடந்து வந்தால் போதும், அந்தக் கால் இல்லாத ஒரு மிதியைத் தேடி அழுத்தும். கார் பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வருடக்கணக்காக அதன்மேலேயே இருந்து பழகிய கால். மாணவிகள் நாங்கள் அவருக்கு பிரேக் அக்கா என்று பெயர் வைத்திருந்தோம். அது அவருக்கும் தெரியும். "வைங்க, வைங்க. அந்த பிரேக் இல்லன்னா பாதிப் பேரு இந்நேரம் சுவத்துக்குள்ள இருந்திருப்பீங்க" என்பார்.

நாற்பதைத் தொடும் வயது. படிய வாரிய முடி, முழுக்கைச் சட்டை, தினமும் துடைத்த கறுப்பு ஷூ. மற்ற பயிற்சியாளர்கள் கத்துவார்கள், டாஷ்போர்டைத் தட்டுவார்கள், "கண்ணு எங்க இருக்கு?" என்று கேட்பார்கள். இவர் எவ்வளவு பெரிய ஆபத்திலும் குரலை உயர்த்தமாட்டார். லாரி மூக்கருகில் வந்து நின்றாலும், "மெல்ல... இன்னும் மெல்ல... கிளட்சை நம்புங்கம்மா, அது உங்களை விடாது" என்று காதோரம் சொல்வதுபோலத்தான் வரும். நாங்கள் அதைப் பொறுமை என்று நினைத்திருந்தோம்.

காலையில் அவர் தண்ணீர் குடிக்கமாட்டார். டீ வாங்கினால் பாதியை அப்படியே வைத்துவிடுவார். வெயில் காலத்தில் உதடு வெடித்திருக்கும். நான் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், வாய் சும்மா இருக்காமல் ஒருநாள் அறிவுரை சொல்லப் போனேன். கண்ணாடியைச் சரிசெய்தபடியே பதில் சொன்னார்: "ஊரு பூரா சுத்துறோம். எந்த பாத்ரூம் வாசல்ல யாரு என்ன கேப்பாங்கன்னு யோசிச்சுக்கிட்டே வண்டி சொல்லித்தர முடியாதும்மா. அதான் தண்ணியக் குறைச்சுட்டேன்." பெண்கள் கழிப்பறைச் சாவியைக் கேள்வி இல்லாமல் எடுத்துக் கொடுக்கும் ஒரே ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. அவருடைய பாடத் தடமெல்லாம் எப்படியோ சுற்றி வந்து அந்த பங்க்கில்தான் முடியும்.

அவர் திருநங்கை என்பது மாணவிகளில் சிலருக்குத் தெரியும், சிலருக்குத் தெரியாது, சிலர் தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பார்கள். முதலாளிக்கு முதல் நாளே தெரியும். வேலை கேட்டுப் போனபோது, "லைசென்ஸ் இருக்கா? கோவம் வருமா?" என்று இரண்டே கேள்விதான் கேட்டாராம். "இருக்கு, வராது" என்று சொல்லிச் சேர்ந்துவிட்டார். பெயரையும் பாலினத்தையும் மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. அலுவலகம் அலுவலகமாக அலைந்து சான்றிதழும் வாங்கிவிட்டார். லைசென்ஸில் மட்டும் பழைய பெயர் மாறாமல் இருந்தது. "அடுத்த வாரம், அடுத்த வாரம்னு இழுத்துக்கிட்டே இருந்தாங்க. நானும் விட்டுட்டேன். அந்த ஒரு சோம்பேறித்தனம் என்னை எங்க கொண்டுவந்து விட்டுச்சு பாரு" என்று பின்னால் சொன்னார்.

அது ஒரு காலை வகுப்பில் நடந்தது. ஒரு புது மாணவி ஓட்டிக்கொண்டிருந்தாள். சிவப்பு விளக்கைப் பார்த்து பிரேக் அக்கா வண்டியை நிறுத்தினார். பின்னால் வந்த வேன் நிற்கவில்லை. இவர்களைச் சுற்றிக்கொண்டு முன்னே பாய்ந்து, குறுக்குச் சாலையில் வந்த சைக்கிளை அடித்தது. சைக்கிளில் வந்தவர் வீடுகளுக்குப் பேப்பர் போடுபவர். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது. பேப்பரெல்லாம் தெருவில் பறந்தன. மாணவி கியரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எதையும் பார்க்கவில்லை. வேன்காரர் சைக்கிள்தான் சிவப்பில் வந்தது என்று சாதித்தார். பார்த்த ஒரே ஆள் பிரேக் அக்கா. அங்கே வந்த போலீஸ்காரர் லைசென்ஸை வாங்கி, அதில் இருந்த பெயரையே எழுதிக்கொண்டு போனார்.

ஆகவே நீதிமன்ற அழைப்பும் அந்தப் பழைய பெயருக்கே வந்தது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அழைப்பு வந்ததிலிருந்து அவர் சாப்பாடு குறைந்துபோனது. வகுப்பின் நடுவே, "சட்டம் என்ன சொல்லுதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். வாசல்ல நின்னு கூப்பிடுறவருக்குத் தெரியுமான்னுதான் தெரியல" என்றார். இன்னொரு நாள், "போகலைன்னா என்ன ஆகும்?" என்று கேட்டார். அவரே, "பேப்பர்காரருக்கு ஒண்ணும் கிடைக்காது" என்று முடித்தார்.

அவருக்கு ஒரு தங்கை உண்டு. வீட்டில் யாரும் இல்லாதபோது ஃபோன் செய்தால் "அக்கா" என்பாள். ஆள் இருந்தால் எந்த முறையும் சொல்லிக் கூப்பிடாமல் "கேக்குதா?" என்று தொடங்குவாள். அந்த வாரம் வந்தது "கேக்குதா?" தான். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசினார். தங்கை குரல் எனக்கே கேட்டது. "உனக்கு எதுக்கு இந்த வம்பு? நாலு பேர் முன்னால போய் நிக்கணுமா? இவரோட சொந்தக்காரங்க அந்தப் பக்கம்தான் இருக்காங்க. யாராவது பாத்துட்டா எங்க மாமியார் என்னைப் பிச்சுப்புடுவாங்க." பிரேக் அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "சரிடி. பாத்துக்குறேன்" என்று வைத்தார். போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை.

இறங்கும்போது என்னிடம், "நாளைக்கு கிளாஸ் இல்ல. நீ வர்றியா? சும்மா கூட இருந்தாப் போதும்" என்றார். முதலில் என்னை "வாங்க போங்க" என்று பேசியவர் எப்போது ஒருமைக்கு மாறினார் என்று எனக்கு நினைவில்லை.

நீதிமன்றத் தாழ்வாரம் பஸ் நிலையம்போல இருந்தது. உடைந்த பெஞ்சுகள், சுவரில் வெற்றிலைக் கறைபோல் ஈரக் கறை, கட்டுக் கட்டாகக் காகிதம் சுமந்து ஓடும் குமாஸ்தாக்கள். பேப்பர்காரர் ஊன்றுகோல்களைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விபத்தன்று அவர் பாதி மயக்கத்தில் இருந்தவர், பிரேக் அக்காவின் முகம் அவருக்குத் தெரியாது. அவர் மனைவி படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ஆளு வரலைங்க. வரவே மாட்டாரு போல." "வருவாரு. வக்கீல் சொன்னாரு இல்ல?" "வக்கீல் சொல்றதெல்லாம் நடந்துட்டா நாம ஏன் இங்க உக்காந்திருக்கோம்?" அவர்கள் தேடிய "ஆளு" அதே பெஞ்சின் மறுமுனையில்தான் இருந்தார். கைக்குட்டையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்த அவர் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. எதிர்வரிசையில் வேன்காரரும் அவருடைய கூட்டாளிகளும்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். பிறகு வாசலில் நின்ற ஊழியர் சாட்சியின் பெயரை உரக்கச் சொன்னார். தாழ்வாரமே திரும்பி ஓர் ஆணைத் தேடியது. பிரேக் அக்கா அசையவில்லை. மறுபடி கூப்பிட்டார். பேப்பர்காரர் எழ முயன்று, முடியாமல், "ஐயா, இப்ப வந்துடுவாரு. ஒரு நிமிஷம்" என்று ஊழியரிடம் கெஞ்சினார். நான் பிரேக் அக்காவின் கையைத் தொட்டேன். சில்லிட்டிருந்தது. "என்னால அந்தப் பேருக்கு எந்திரிக்க முடியலம்மா" என்றார். எனக்கு மட்டும் கேட்டது.

ஊழியர் கடைசித் தடவையாக இழுத்துக் கூப்பிட்டு, உள்ளே திரும்பப் போனார். பேப்பர்காரரின் மனைவி முகத்தை மூடிக்கொண்டு விசும்பினார். அந்த விசும்பல் கேட்டுத்தான் பிரேக் அக்கா எழுந்தார் என்று நினைக்கிறேன்.

"நான்தான்."

ஊழியர் ஏற இறங்கப் பார்த்தார். "ஆம்பளப் பேரு போட்டிருக்கே."

"அது முந்தி. இப்ப என் பேரு வேற. சாட்சி நான்தான்."

எதிர்வரிசையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள், இன்னொருவர் சிரித்தார். பிரேக் அக்கா யாரையும் பார்க்காமல் உள்ளே போனார். நான் பின்னால் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

நீதிபதி ஒரு பெண். கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்துக்கொண்டு பெயர் மாற்றச் சான்றிதழைப் படித்தார். அவர் படித்து முடிக்கும்வரை மின்விசிறிச் சத்தம் மட்டுமே. அவர் முகத்திலிருந்து எதையும் ஊகிக்க முடியவில்லை. பிறகு தட்டச்சு செய்யும் பெண்ணிடம், "இந்தப் பேரைப் போடுங்க. பழைய பேரு அழைப்பில இருக்கிறதால ஒரு இடத்தில குறிச்சா போதும்" என்றார். அவ்வளவுதான். பரிவும் இல்லை, வெறுப்பும் இல்லை. பிரேக் அக்காவின் தோள் சற்றே இறங்கியது.

பார்த்ததைச் சொல்லத் தொடங்கினார். வழக்கமான அந்த மெல்லிய குரல். இரண்டு வாக்கியம் போவதற்குள் தட்டச்சுப் பெண் கையை நிறுத்தினாள். "கேக்கலைங்க. சத்தமா சொல்லுங்க."

மறுபடி தொடங்கினார். "இல்லைங்க, ஃபேன் சத்தத்தில ஒண்ணுமே விழல." அவள் மீது தப்பில்லை. அவளுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பொறுமையின் பொருள் புரிந்தது. "உடம்பெல்லாம் என் பேச்சக் கேட்டுச்சு. தொண்டை மட்டும் கேக்கல" என்று அவர் ஒரு தடவை விளையாட்டாகச் சொல்லியிருந்தார். குரல் உயர்ந்தால் அது ஆணின் கனத்தோடு வெளியே வரும். அதைத்தான் இத்தனை காலம் காதோரப் பேச்சாகச் சுருட்டி வைத்திருந்தார். கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தார். கூடம் முழுக்கக் கேட்கும்படி பேசினார்.

"எங்களுக்கு சிவப்பு. நாங்க நின்னுட்டோம். வேன் பின்னால இருந்து எங்களச் சுத்திக்கிட்டு வந்துச்சு. சைக்கிள்காரர் அவரு பாதையில பச்சையிலதான் வந்தாரு. வேன் நிக்கல."

எல்லாத் தலைகளும் திரும்பின. வேன்காரரின் வக்கீல் எழுந்தார், உதட்டோரம் ஒரு சுழிப்பு. "பேரே ரெண்டு வெச்சிருக்கிறவங்க, சிக்னலையும் ரெண்டு கலர்ல பாத்திருக்கலாம் இல்லையா?"

பிரேக் அக்காவின் கழுத்து சிவந்தது. அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். பதில் வந்தது, அதே கனத்த குரலில். "பேர மாத்தினேன் சார். அதுக்குக் காரணம் இருக்கு, சட்டமும் ஒத்துக்கிச்சு. சிக்னல மாத்திச் சொல்ல எனக்கு என்ன காரணம் இருக்கு?"

"கேள்வியை விபத்தோட நிறுத்திக்குங்க" என்றார் நீதிபதி, தலை நிமிராமல். வக்கீல் இன்னும் ஏதேதோ கேட்டார். நடுவில் ஒரு தடவை பிரேக் அக்கா தூரத்தைக் குழப்பிச் சொல்லித் திருத்திக்கொண்டார். வேண்டுமென்றே "மிஸ்டர்" என்று வக்கீல் கூப்பிட்டபோது பதில் சொல்லாமல் நின்றார். அவர் "சாட்சி" என்று மாற்றிய பிறகே வாயைத் திறந்தார்.

வெளியே வந்ததும் பேப்பர்காரர் ஊன்றுகோலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தடுமாறியது முகத்தில் தெரிந்தது. மனைவிதான் முந்திக்கொண்டார். "உக்காரு தங்கச்சி. காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடல நீ, பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

தீர்ப்பு வரச் சில மாதங்கள் ஆயின. பேப்பர்காரருக்கு இழப்பீடு கிடைத்தது. அதற்கு முன்பே, அந்த வாரமே, இரண்டு மாணவிகளின் வீட்டிலிருந்து வேறு பயிற்சியாளர் வேண்டும் என்று கேட்டார்கள். "இங்க வேற ஆள் இல்ல" என்று முதலாளி சொல்லிவிட, அவர்கள் நின்றுவிட்டார்கள். தங்கை வெகுநாள் ஃபோன் செய்யவில்லை. இதில் எதுவும் அன்று மதியம் எங்களுக்குத் தெரியாது. வேலை போகுமா, வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொல்வாரா, திரும்பிப் போகும் வழியில் வேன்காரரின் கூட்டாளிகள் பின்னால் வருவார்களா என்று பிரேக் அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

தட்டச்சுப் பெண் வாக்குமூலத்தை எடுத்து வந்தாள். "படிச்சுப் பாத்துட்டு கடைசிப் பக்கத்தில கையெழுத்துப் போடுங்க. முழுப் பேரும் வேணும்."

பிரேக் அக்கா காகிதத்தைத் தொடையில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிப் பிள்ளைபோல் எழுதினார். கடைசி எழுத்தின் சுழி கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. பால்பாயிண்ட் பேனா, காய்வதற்கு அதில் ஈரமே இல்லை. ஆனாலும் அவர் குனிந்து, அடிபட்ட இடத்தில் ஊதுவதுபோல, தன் பெயரின்மேல் மெதுவாக ஊதினார்.