வாடகைக் கட்டிலின் முதுகு மோட்டார்

ஏப்ரல் 6. வாடகைக் கட்டிலின் முதுகுப் பகுதி இறங்கவில்லை. முழு உயரத்தில் நின்றுவிட்டது. முழங்கால் பகுதி வழக்கம்போல இயங்குகிறது. பெஹாலாவில் உள்ள கடைக்குத் தொலைபேசியில் புகார் செய்யப்பட்டது.

ஏப்ரல் 8. கடையிலிருந்து ஆள் வரவில்லை. மீண்டும் புகார்.

ஏப்ரல் 9. நோயாளியின் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருப்பதை, உதவிக்கு வைத்திருந்த ஆயா கவனித்தார். தலையணைகள் மாற்றி வைக்கப்பட்டன.

ஏப்ரல் 11. விடியற்காலையில் என் மனைவி காலமானாள். கட்டில் அதே நிலையில் இருந்தது.

ஏப்ரல் 25. கட்டிலைத் திரும்ப எடுத்துச் செல்லக் கடைக்காரர் வந்தார்.

ஒரு கருவி நின்றுபோனால் முதலில் நடந்ததை மட்டும் எழுத வேண்டும், காரணத்தைப் பிறகு தேட வேண்டும் என்பது நான் பணியாற்றிய ஆய்வகத்தின் வழக்கம். ஓய்வுபெற்ற பின்னும் அது என்னை விடவில்லை. தொழிற்சாலை இயந்திரங்களில் எதையேனும் தள்ளவோ இழுக்கவோ பயன்படும் உறுப்புகளைச் சோதிப்பது என் வேலை. அதன் முற்பாதி மின்மோட்டார்களோடு கழிந்தது. பிற்பாதி பீசோ பீங்கான்களோடு. பீசோ என்பது ஒரு சிறிய பீங்கான் துண்டு. மின்னழுத்தம் கொடுத்தால் நீளும். ஒரு தலைமுடியின் தடிமனில் மிகச் சிறு பங்குதான், ஆனால் மிகத் துல்லியமாக நீளும். அந்தச் சிறு பங்குக்காக நான் வீட்டுக்குத் தாமதமாக வந்த நாட்கள் பல.

என் மனைவி வங்கி அதிகாரியாக இருந்தவள். லேக் கார்டன்ஸில் உள்ள எங்கள் வீட்டுக்கு யாராவது விருந்தினர் வந்தால், அவர்கள் முன்னிலையிலேயே கேட்பாள்: "ஏன்னா, இத்தனை வருஷமா நீங்க நகத்தினதையெல்லாம் சேத்து வெச்சா ஒரு ஜாண் வருமா?"

"வராது" என்பேன்.

"பேங்க்ல இப்படி ஒரு வேலையக் காட்டியிருந்தா என்னை சஸ்பெண்ட் பண்ணியிருப்பா."

அவளுக்கு இதயம் பலவீனமாகி மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது அந்தக் கட்டிலை வாடகைக்கு எடுத்தோம். முதுகை உயர்த்த ஒரு மோட்டார், முழங்காலை மடக்க ஒன்று. இரண்டும் கைக்கடக்கமான ஒரு ரிமோட்டின் பொத்தான்களுக்குக் கட்டுப்பட்டவை. கூடவே மருந்தை ஆவியாக்கித் தரும் சிறு கருவியும் வந்தது. அதன் உள்ளே ஒரு பீசோ வளையம் அதிர்ந்துகொண்டிருக்கும். வெளியே ஓசை கேட்காது. அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "இது உங்க பீங்கானா? சமத்து. மோட்டார் மாதிரி முனகலை" என்றாள்.

கட்டிலைப் பொறுத்தவரை எங்களுக்குள் உடன்பாடு இல்லை. நெடுநேரம் நிமிர்ந்து உட்கார்ந்தால் எடை முழுவதும் இடுப்புக்குக் கீழே இறங்கிப் படுக்கைப்புண் வரும், முதுகை ஓரளவு தாழ்த்தியே வையுங்கள் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். அவளுக்கு நிமிர்ந்து உட்கார வேண்டும். படுத்த நிலையில் யாரையும் பார்க்க அவள் சம்மதித்ததில்லை. எதிர்வீட்டு வங்காளிப் பெண்மணி வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்தி நிமிர்ந்துகொள்வாள். அவள் கண்ணயர்ந்ததும் நான் மெல்ல இறக்கிவிடுவேன். மருத்துவர் சொன்ன சாய்வை ஒரு கோணமானியால் அளந்தே இறக்கினேன்.

"கண்ணைத் தெறந்தா ஃபேன்தான் தெரியறது" என்று ஒரு நாள் சொன்னாள். "நான் தூங்கினப்பறம் எதுக்கு என்னை மடக்கறேள்?"

"புண் வரும்."

"வரட்டுமே."

அதை அவள் பேச்சுவாக்கில் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

ஆறாம் தேதி காலை, அவள் உறங்கும்போது பொத்தானை அழுத்தினேன். ஓசையே இல்லை. மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் துண்டு தேய்ந்திருக்கும், அல்லது கம்பிச் சுருள் கருகியிருக்கும் என்று முடிவுசெய்தேன். இப்படிப்பட்ட மோட்டார் ஒரு திருகைச் சுழற்றித்தான் முதுகுப் பலகையை ஏற்றும். பீசோவைப் பிடித்து நிறுத்த மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்க வேண்டும்; திருகுக்கு எதுவும் வேண்டாம். மின்சாரம் போனாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். எனவே அவள் நிமிர்ந்த நிலையிலேயே இருந்தாள்.

விழித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "என்ன, உங்க மோட்டாரும் ரிட்டயர் ஆயிடுத்தா?"

கழற்றிப் பார்க்க வேண்டுமானால் அவளை வேறு கட்டிலுக்கு மாற்ற வேண்டும். அவள் மறுத்துவிட்டாள். "என்னைத் தூக்கிப் போட்டு அல்லாட வேண்டாம். கடைக்காரன் வரட்டும்." கடைக்காரரிடம் நான் கடுமையாகப் பேசினேன். அவர் வரவில்லை. தோல் சிவந்தது. ஆயா திருப்பும்போதெல்லாம் அவள் உதட்டைக் கடித்துக்கொள்வதைப் பார்த்தேன். பிறகு ஒரு விடியலில், உட்கார்ந்தபடியே போய்விட்டாள்.

காரியங்களெல்லாம் முடிந்த பிறகும் எனக்கு மிஞ்சியது ஒரு கேள்வி. வாழ்நாள் முழுவதும் இந்த உறுப்புகளோடு இருந்த ஒருவனின் வீட்டில், ஒரு சாதாரண மோட்டார் நின்றதால் அவள் கடைசி நாட்களில் வலியோடு உட்கார்ந்திருந்தாளா? இதை யாரிடமும் கேட்க முடியாது. மோட்டாரைத் திறந்தால்தான் தெரியும்.

கடைக்காரர் இருபத்தைந்தாம் தேதி பிற்பகலில் ஒரு புதிய மோட்டாரோடு வந்தார். பெஹாலாவில் ஒரு நோயாளி அன்று மாலை வீடு திரும்புகிறார், அவருக்காகக் கட்டில் காத்திருக்கிறது என்றார். அவர் வங்க மொழியில் பேசியதை, பெரியவர்களை மரியாதையாக அழைக்கும் 'மேஷோமொஷாய்' நீங்கலாக, இங்கே தமிழில் தருகிறேன்.

"மேஷோமொஷாய், நீங்க ஃபோன்ல திட்டின திட்டுக்கு அந்த மோட்டார் தானா எழுந்து ஓடியிருக்கணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அன்னிக்கு என்னால வர முடியல. தப்பா நினைக்காதீங்க. பழசைக் கழட்டிப் போட்டுட்டுப் புதுசை மாட்டிடறேன்."

"கொஞ்சம் பொறுங்கள். நான் பார்த்துவிடுகிறேன்" என்றேன்.

ஜாதவ்பூரிலிருந்து வந்திருந்த என் மகள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, நீ எதுக்குக் கீழ உக்காந்து கஷ்டப்படறே? அவர் பாத்துப்பார். சேடே தாவ் நா" என்றாள், விட்டுவிடு என்று.

தரையில் அமர்ந்து இரண்டு மோட்டார்களின் இணைப்புகளையும் இடம் மாற்றிச் செருகினேன். முதுகு மோட்டார் இப்போது முழங்கால் பொத்தானுக்குக் கட்டுப்படும். அந்தப் பொத்தானை அழுத்தினேன். முதுகுப் பகுதி சீராக, தடையின்றி இறங்கியது.

மோட்டாரில் பழுதே இல்லை.

அந்த ஓசையை நான் நன்கு அறிவேன். ஆரோக்கியமான மோட்டாரின் ஓசை அது. பாதியில் நிறுத்திவிட்டு ரிமோட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறத்தில், ஆயாக்கள் தவறுதலாக அழுத்திவிடாமலிருக்க ஒவ்வொரு பொத்தானுக்கும் சாவியால் திருப்பும் ஒரு சிறு பூட்டு உண்டு. முதுகுக்கான பூட்டு திருப்பப்பட்டிருந்தது. மோட்டாரைத் தவிர வேறெதையும் சந்தேகிக்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

"இதை யார் பூட்டியது?" என்று வங்க மொழியில் கேட்டேன்.

கடைக்காரர் தோளைக் குலுக்கினார். மகள் மடித்த துணியை மறுபடியும் விரித்தாள்.

"நான்தான்ப்பா. சாவி எங்கிட்டதான் இருக்கு."

ரிமோட்டைத் தரையில் வைத்தேன்.

"அஞ்சாம் தேதி ராத்திரி அம்மா பூட்டச் சொன்னா. தான் தூங்கறச்சே நீ எறக்கிடறேன்னு சொன்னா. உன்கிட்டச் சொல்லாதேன்னா. உங்கப்பாகிட்டச் சொன்னா டாக்டர் லெட்டரைக் காட்டுவார், மோட்டார் கெட்டுப்போச்சுன்னா சும்மா இருப்பார்னா."

"வலி இருந்ததே."

"கேட்டேன். இருந்துட்டுப் போகட்டும்னா. போறப்போ ஃபேனைப் பாத்துண்டு போக மாட்டேன்னா." அவள் என்னைப் பார்க்கவில்லை. "நீ கடைக்காரரைத் திட்டறச்சே எல்லாம் சொல்லிடலாமான்னு இருந்துது. ராக் கோரோ நா, அப்பா." கோபித்துக்கொள்ளாதே என்று. அழும்போது அவளுக்கு வங்க மொழிதான் வரும்.

"சரி" என்றேன்.

கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது; இருந்தாலும் புதிய மோட்டாரை ஓசையின்றிப் பையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். மகள் சாவியைக் கொடுத்தாள். பூட்டைத் திறந்து, இணைப்புகளைப் பழையபடி செருகி, முதுகுப் பொத்தானை அழுத்தினேன். பலகை தட்டையானது. கடைக்காரரும் அவர் கூட்டி வந்த ஆளும் கட்டிலை இரண்டாகக் கழற்றி இறக்கிச் சென்றார்கள்.

அவள் வலியோடு இருந்தாள் என்பது மாறவில்லை. அதைக் கருவியின் மேல் சுமத்த இனி வழியில்லை, அவ்வளவே. என் கோணமானியைக் காட்டிலும் தனக்கு எது வேண்டும் என்பதை அவள் அறிந்திருந்தாள். என்னிடம் கேட்டிருந்தால் நான் சம்மதித்திருப்பேனா என்று யோசிக்கிறேன். சம்மதித்திருக்க மாட்டேன் என்றே தோன்றுகிறது. அவளும் அப்படித்தான் கணித்திருக்கிறாள்.

இன்னும் செய்யாதவை:

கடைக்காரரை அழைத்து, அவருடைய கட்டிலில் குறை இல்லை என்று சொல்வது. அன்று அதைக்கூடச் சொல்லாமல் அனுப்பிவிட்டேன்.

மருந்தை ஆவியாக்கும் கருவியைக் கழுவி, தேவைப்படும் ஒருவரிடம் கொடுப்பது.

வெறுமையாக உள்ள அந்த அறையில் எதை வைப்பது என்று தீர்மானிப்பது.

ஜாதவ்பூருக்குச் சென்று, நீ செய்தது சரிதான் என்று மகளிடம் நேரில் சொல்வது.