வெள்ளிக்கிழமைக் கத்தரிக்கோல்

சிவப்புக் கைப்பிடி போட்ட, முனை மழுங்கிய கத்தரிக்கோல் அது. பிள்ளைகள் வண்ணத்தாள் வெட்டுவதற்கென்று வாங்கியது. காகிதத்தையே முக்கி முனகித்தான் வெட்டும். துணி என்றால் கேட்கவே வேண்டாம். அதை வைத்துக்கொண்டு ஒரு தாய் வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் பாலர் பள்ளி வாசலில் மண்டியிட்டு, தன் நீலத் துப்பட்டாவை வெட்டுவார். இப்போதெல்லாம் அந்த அம்மாவை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

மலேசியாவில், கம்போங் மேடானில், அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே இருந்த கடை ஒன்றில்தான் அப்போது பள்ளி நடந்தது. நான் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஆசிரியை. பிள்ளைகள் அழுவதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை நான். ஆனால் அந்த அம்மாவின் மகள் அழுதால் வாந்தி எடுத்துவிடுவாள். பாதி வழி போன அம்மா திரும்பி ஓடி வருவார். அதற்குள் தொழிற்சாலைப் பேருந்து கிளம்பிவிடும். கணவர் இல்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளும் இல்லை. "இன்னொரு தடவ பஸ்ஸ விட்டா வேலைக்கே வராதேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான், டீச்சர். நான் என்னதான் செய்றது, சொல்லுங்க லா," என்று ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

என் மகளும் அந்த ஆண்டு அங்கேதான், பக்கத்து அறையில், ஆறு வயது வகுப்பில் இருந்தாள். நான்கு வயதில் அவளைக் கொண்டுவந்து விட்டபோதும் பையை மாட்டிவிட்டுக் களிமண் மேசைக்குப் போனவள்தான், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அதில் பெருமை தாங்காது. வருகிற தாய்மார்களிடமெல்லாம் அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

அழுகிற பிள்ளைக்கு அம்மாவின் வாசனை உள்ள துணி ஒன்றைக் கொடுத்து வைப்பது எங்கள் வழக்கம். முழுத் துணியாகவே விட்டால் பிள்ளை அதற்குள் சுருண்டுகொள்ளும், யாரோடும் சேராது. அதனால் வாரம் ஒரு துண்டாகக் குறைத்துக்கொண்டே வருவோம். வெட்டுவது மட்டும் அம்மாவாக இருக்க வேண்டும். நாங்கள் வெட்டினால் அம்மாவைப் பிடுங்கியவர்கள் ஆகிவிடுவோம். அந்த அம்மா பிள்ளை பார்க்கப் பார்க்க வெட்டி, "இது உனக்கு, இது எனக்கு. அம்மா சாயங்காலம் வந்துருவேன்," என்பார். தன் துண்டை மடித்துத் தொழிற்சாலைச் சீருடையின் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓடுவார்.

முதல் வாரம் அந்தப் பிள்ளை துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொண்டு மேசைக்கடியில் கிடந்தாள். பிறகு அதைத் தோளில் போட்டுக்கொண்டு மற்றவர்கள் வீடு கட்டுவதை ஓரமாக நின்று பார்த்தாள். கைக்குட்டை அளவுக்குச் சுருங்கியபோது அதைப் பொம்மைக்குப் படுக்கையாக விரித்தாள். இன்னொரு பிள்ளை தன் பொம்மையையும் கொண்டுவந்து பக்கத்தில் படுக்க வைத்தது. சண்டை வரும் என்று நினைத்தேன். அவள் தன் பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் கொடுத்தாள்.

ஒரு வியாழக்கிழமை, புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் காலணி அடுக்குக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தான். இவள் போய்க் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு அந்தத் துண்டால் அவன் மூக்கைத் துடைத்து, அதை அவன் கையிலேயே திணித்தாள். "வச்சுக்கோ. அம்மா சாயங்காலம் வந்துருவாங்க," என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அதைத் திரும்பக் கேட்கவே இல்லை.

மறுநாள் அந்த அம்மா வழக்கம்போலக் கத்தரிக்கோலைக் கையில் வாங்கினார். மகள் அதற்குள் உள்ளே ஓடியிருந்தாள். வெட்டுவதற்கு இனி ஒன்றும் இல்லை என்று நான் சந்தோஷமாக நடந்ததைச் சொன்னேன். அவரும் சிரித்தார். பிறகு மெதுவாக, "அப்ப என்னைத் தேடவே இல்லையா, டீச்சர்?" என்றார்.

பேருந்து ஹார்ன் அடித்தது. அவர் அசையவில்லை; கண்கள் நிறைந்துவிட்டன. சந்தோஷத்தில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். "போங்கம்மா, பஸ் போயிடும்," என்று கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டேன். ஒரு கையால் சீருடைப் பையைப் பொத்திக்கொண்டு ஓடினார். அதன் பிறகு அவர் பேருந்தைத் தவறவிட்டதே இல்லை.

அந்தப் பள்ளி மூடப்பட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. இப்போது செமினியில் வேறொரு பாலர் பள்ளியில் வேலை. குனிந்தால் நிமிர முடியவில்லை. தொண்டை எப்போதும் கட்டியே கிடக்கிறது. வகுப்பில் கேமரா மாட்டியிருக்கிறார்கள். தாய்மார்கள் அலுவலகத்திலிருந்தே கைப்பேசியில் பிள்ளை அழுவதைப் பார்க்கிறார்கள், "ஏன் டீச்சர் தூக்கல?" என்று உடனே கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

போன மாதம் என் மகள் வேலை கிடைத்துப் பினாங்குக்குப் போனாள். பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் கைப்பேசியை எடுத்தாள். நான் கண்ணாடிக்கு வெளியே கையைத் தூக்கியபடி நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று பெருமைப்பட்ட அதே குணம்தான். பேருந்து மறைந்த பிறகும் கையை இறக்காமல் நின்றேன்.

அவள் விட்டுப்போன பழைய பருத்திச் சட்டை ஒன்று இன்னும் நாற்காலியில் தொங்குகிறது. நான் துவைக்கவில்லை. நேற்றுப் பள்ளியில், பழைய பள்ளிச் சாமான்களைப் போட்டு வைத்திருந்த என் அலமாரியை ஒழித்தபோது அந்தக் கத்தரிக்கோல் அகப்பட்டது. வீட்டுக்கு எடுத்து வந்து, சட்டையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பைக்குள் வைத்துக்கொள்ள ஒரு சின்னத் துண்டு போதும். வெட்டத்தான் கை வரவில்லை. அந்த அம்மா வந்து, "இது அவளுக்கு, இது உங்களுக்கு," என்று சொல்லி வெட்டித் தந்தால் தேவலை.