மருந்தில்லாத வைத்தியத்துக்கு ஓர் அட்டை

எங்கள் முதல் குழந்தை பிறந்த அன்றே இறந்தது. அதற்குப் பின் என் மனைவி பேசுவதை நிறுத்திவிட்டாள். சமைத்தாள், துவைத்தாள், கோயிலுக்கும் போனாள். வாய் மட்டும் திறக்கவில்லை. அப்போது நான் இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீசில் பெரிய கிளாக்கர்; கணக்கும் கோப்பும் என் பொறுப்பு. சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பூசாரி வேப்பிலை அடித்தார். தோட்ட ஆஸ்பத்திரியில் டானிக் கொடுத்தார்கள். மாதங்கள் போனதுதான் மிச்சம். பிறகு ஹட்டன் நகரத்திலிருந்து ஒரு சிங்கள டாக்டர் வியாழக்கிழமைகளில் தோட்ட ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கினார்; என் மனைவியை அவரிடம் அனுப்பினேன். சீமையில் மனநோய் வைத்தியம் படித்தவர். கூடவே ஒரு புத்த பிக்குவையும் அழைத்து வந்தார். முதலில் பிக்குவின் முன் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். அதன்பின் மனதில் இருப்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். மருந்து கிடையாது. தோட்டத்து மருத்துவிச்சி துணைக்கு வாசலில் இருப்பாள். எனக்கு மட்டும் அனுமதி இல்லை.

டாக்டருக்குத் தமிழ் நன்றாக வந்தது. என் முதல் சந்தேகமே அதுதான்.

"மதம் மாத்தப் பாக்குறீங்களா?" என்று நேராகவே கேட்டேன்.

"இல்லீங்க. முருகனைக் கும்பிட்டுக்கிட்டும் மூச்சு விடலாம்."

"அவ என்ன சொல்றான்னு எனக்குத் தெரியணும்."

"அவங்ககிட்டயே கேளுங்க."

"அவதான் பேசமாட்டேங்கிறாளே!"

"எங்கிட்டப் பேசுறாங்களே."

இந்திய வம்சாவளி என்பதால் நாங்கள் கொடுத்திருந்த பிரஜாவுரிமை மனு அப்போது விசாரணையில் கிடந்தது. இவள் சொல்வதெல்லாம் கொழும்பில் எந்தக் கோப்பில் போய்ச் சேருமோ? கோப்புகள் எப்படிப் பயணம் செய்யும் என்பது எனக்குத் தெரியும். எத்தனையோ கோப்புகளை நானே அனுப்பியிருக்கிறேன்.

ஆகவே ஆபீஸ் விதி ஒன்றைக் கையில் எடுத்தேன். தோட்ட ஆஸ்பத்திரியில் பார்க்கப்படும் எல்லா நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்பு அட்டைகளும் மாத முடிவில் ஆபீசுக்கு வர வேண்டும். அதை நினைவூட்டி டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். "உங்க மனைவி சம்மதிச்சாத்தான் தருவேன்" என்றார். அடுத்த வியாழக்கிழமை அட்டை வந்துவிட்டது. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஆங்கிலத்தில் சில வரிகளே இருந்தன. முதல் வாரம்: வந்தார், மூச்சை எண்ணினார். இரண்டாம் வாரம்: அழுதார். மூன்றாம் வாரம், அவள் சொன்னது அப்படியே: "பிள்ளை போன அன்று என் கணவர் பக்கத்தில் வரவில்லை. ஆபீசில் இறப்புப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். முடித்து வந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு அவரிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை."

அட்டையோடு வீட்டுக்குப் போனேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என் கையைப் பார்த்தாள்.

"படிச்சாச்சா?"

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கேட்ட குரல். தலையை மட்டும் ஆட்டினேன்.

"நாந்தான் குடுக்கச் சொன்னேன். எழுத்துல இருந்தாத்தானே உங்களுக்கு வெளங்கும்."

"அன்னைக்கே பதியலைன்னா அப்புறம்..." என்று ஆரம்பித்தேன்.

"அவனுக்கு உங்க மூக்கு" என்றாள். "நீங்க பாக்கவே இல்ல."

டாக்டரையும் பிக்குவையும் நான் இன்றுவரை முழுதாக நம்பியதில்லை. அன்று அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மூச்சையெல்லாம் எண்ணவில்லை. அவன் எப்படி இருந்தான் என்று கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.